மூன்று தண்ணீரில் கழுவிய உப்பு

கோணேஸ்வரியின் குசினியில் கழுவாத உப்பு ஒருநாளும் சட்டிக்குள் போனதில்லை. அரிசியை இரண்டு தண்ணீரில் கழுவுகிறவள் உப்பை மூன்று தண்ணீரில் கழுவினாள். கல்லுப்பைச் சட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, விரல் நுனியால் சுற்றி அலசி, சட்டியைச் சரித்து அழுக்கை ஊற்றிவிடுவாள். கரைந்துபோகுமே என்று அவள் கை பதறியதில்லை. எவ்வளவு நேரம் அலசினால் அழுக்குப் போகும், உப்புத் தங்கும் என்பது அவளுடைய விரல்களுக்குத் தெரியும். மூன்றாவது தண்ணீர் தெளிந்து நின்றால் உப்பைச் சுளகில் பரப்பி வெயிலில் வைப்பாள். ஊற்றிய தண்ணீரெல்லாம் பின்வளவில் நின்ற தென்னையின் அடிக்குப் போகும்.

கடையில் வாங்கித் தின்கிறவர்களுக்கு உப்பு வெள்ளையாக வந்து சேர்ந்துவிடுகிறது. அது வருகிற வழி உப்பளத்துக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். நிலாவெளிக்கு வடக்கே இருந்த உப்பளத்தில்தான் அவளுடைய தகப்பன் சிவபாதம் உயிரோடு இருந்தவரை வேலை செய்தார். கட்டிய புருஷன் தனஞ்சயனுக்கும் அங்கேதான் வேலை. பாத்திகளுக்குள் இறங்கி நிற்கிறவர்களின் குதிக்கால்கள் வெடித்துப் புண்ணாகியிருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு அதே காலோடு மிதிப்பார்கள். கொக்குகள் நடந்து திரியும், நாய்கள் குறுக்கே ஓடும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண்கள் உப்பை நம்பமாட்டார்கள். அந்தக் குடியிருப்பில் ஒருத்தி துப்புரவானவளா இல்லையா என்று அறிய அவள் வீட்டு முற்றத்தையோ பாத்திரத்தையோ யாரும் பார்ப்பதில்லை. உப்புச் சாடியைத் திறந்து பார்ப்பார்கள். கோணேஸ்வரியின் சாடியைத் திறந்து பார்த்து ஒருத்தியும் ஒரு சொல் சொன்னதில்லை.

சண்டை ஓய்ந்து இரண்டாம் வருடம் அவளுக்கு முதற்பிள்ளை வயிற்றில் தங்கியது. கலியாணம் முடித்து ஆறு வருடமாகியிருந்தது. அதில் பாதி அகதி முகாம்களின் தறப்பாள் கொட்டில்களில் கழிந்தது. எனவே பிள்ளை தங்கிவிட்டது என்று தெரிந்ததும் தனஞ்சயனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அவளுக்கோ மீன் மணம் பட்டாலே குடல் புரண்டது. கடலை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் பருப்புமாகச் சீவித்தாள்.

"முழுக்கடல் மீனும் உமக்குப் பயந்து அங்கால முல்லைத்தீவுப் பக்கம் ஓடிப்போச்சு" என்று தனஞ்சயன் பகிடி விட்டான்.

"நீங்கள் குளிக்காமல் வந்து கிட்ட நில்லுங்கோ, மிச்ச மீனும் ஓடும்" என்றாள் அவள்.

மூன்றாம் மாதத்தில் அவளுடைய கழுத்து சற்றே பருத்துத் திரண்டது. பக்கத்து வளவுப் பெண்கள் அதைப் பார்த்து, பிள்ளைத்தாச்சிக் களை வந்துவிட்டது, இனித்தான் சங்கிலி போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். அவளும் கண்ணாடியில் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

அந்தப் பகுதிக்கு அப்போது புதிதாக வந்திருந்த மருத்துவமாது அஸ்மியா. கிண்ணியா ஊர் முஸ்லிம் பெண். வெயிலோ மழையோ ஸ்கூட்டியில் வந்து இறங்கி, கர்ப்பிணிகளின் வீடு வீடாக ஏறி, கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்துமா சாப்பிடுகிறாளா, இரும்புச்சத்துக் குளிசை போடுகிறாளா என்று அடுப்படி வரைக்கும் போய்ப் பார்க்கிறவள். கோணேஸ்வரியை விடப் பத்து வயது மூத்தவள்.

"எந்த உப்புப் பாவிக்கிற புள்ள?"

"எங்கட உப்புத்தான் மிஸ். அளத்து உப்பு. ஒவ்வொரு அறுவடைக்கும் இவருக்கு ஒரு சாக்குக் குடுக்கிறவை."

அஸ்மியா பையிலிருந்து விரலளவு போத்தல் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்த உப்புக் கல்லில் ஒரு துளி விட்டாள். துளி அப்படியே கிடந்தது.

"பார்த்தியா? நீலமா வரணும். வரல்ல. இதுல அயடின் இல்ல."

கதவடியில் நின்ற தனஞ்சயன் சிரித்தான். "கடல்ல இருந்து வாற உப்பு மிஸ். கடல்ல இல்லாத சாமான் கடையில இருக்குமோ?"

"கடல்ல இரிக்கிறது மீனுக்குள்ள போகும் தம்பி. வெயில்ல காயிற உப்புல அது மிஞ்சாது. கம்பனியில உப்புக்கு மேல தெளிச்சுப் பக்கெட்டுல போடுறாங்க. அத வாங்குங்க. ஒங்கட பொஞ்சாதி மீனும் தின்னுறல்ல. வயித்துப் புள்ளட மூள வளர்ற மாசம் இது. இப்ப குடுக்காட்டிப் பொறகு மூட்ட மூட்டயாக் கொட்டினாலும் ஒண்டும் செய்ய ஏலா."

"உப்பளத்துக்காரன் கடைக்குப் போய் உப்பு வாங்கினால் சனம் சிரிக்கும் மிஸ்."

"சிரிக்கட்டும். சிரிச்சு வாய் வலிச்சா என்னட்ட அனுப்புங்க, மருந்து தாறன்."

அன்று பின்னேரம் தனஞ்சயன் பொலித்தீன் உறையில் அடைத்த, அயடின் போட்ட கல்லுப்புப் பக்கெட் ஒன்று வாங்கிவந்தான். சைக்கிள் கூடையில் அடியில் உப்பும் மேலே கீரைக்கட்டுமாக, கள்ளச்சாமான் கொண்டுவருகிறவன் போல வந்தான். அன்று தொடக்கம் சாக்கு உப்புக் கருவாடு போட மட்டும்தான்.

கோணேஸ்வரி பக்கெட்டை வெட்டி உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தெரிந்த கால்கள் மிதித்த உப்பையே மூன்று தண்ணீரில் கழுவுகிறவள் அவள். இது எந்த ஊர் அளமோ, எவருடைய காலோ. சட்டியில் கொட்டி நாலு தண்ணீரில் கழுவினாள்.

அடுத்த முறை வந்த அஸ்மியா, அடுப்படிப் பலகைத் தட்டில் இருந்த பக்கெட்டில் மிச்சமிருந்த உப்பில் துளி விட்டுப் பார்த்தாள். அது மை கொட்டியது போல நீலமாகியது. "நல்ல புள்ள" என்று சொல்லி கிளினிக் அட்டையில் சரி போட்டாள். அதற்குப் பிறகு பக்கெட்டைக் கண்டாலே போதும் என்று சரி போட்டுக்கொண்டு போனாள்.

லக்சாயினி பிறந்தபோது அழுத சத்தம் வெளியே நின்ற தகப்பனுக்குக் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அழவில்லை. பால் குடிக்க எழுப்பவேண்டும். குடித்த பாதியில் தூங்கிவிடும். எல்லாரும் வந்து பார்த்து, இப்படிக் குணமான பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். ராத்திரி கத்தாத பிள்ளை, தூக்கச் சொல்லிக் கேட்காத பிள்ளை. கோணேஸ்வரி அந்தப் பெருமையை ஒரு வருடம் அனுபவித்தாள்.

பிறகு அந்தப் பெருமை ஒவ்வொன்றாகக் கழன்றது. மற்றப் பிள்ளைகள் தவழ்ந்த மாதத்தில் இது கவிழவில்லை. அவை நடந்த மாதத்தில் இது நிமிர்ந்து உட்காரவில்லை. இரண்டு வயதில் ஒரு சொல் இல்லை. பின்னால் நின்று சட்டியைப் போட்டு உடைத்தாலும் திரும்பாது. மூன்று வயதில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதில் கருவி வைத்துப் பார்த்தார்கள், கட்டைகளை அடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். காது கேட்பது குறைவு, அறிவு வளர்ச்சியும் பிந்தித்தான் போகும் என்று டொக்டர் சொன்னார். ஏன் என்று தனஞ்சயன் கேட்டான். "பல காரணம் இருக்கலாம்" என்றார். அவர்கள் திரும்பி வந்த பஸ்ஸில் பிள்ளை தகப்பனுடைய மடியில் இருந்து, அவன் கண்டக்டரோடு கதைக்கும்போது அவனுடைய தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டது. அவன் கதையை நிறுத்தினால் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. தொடங்கினால் சிரித்தது. சத்தத்தை அது கையால் கேட்கிறது என்று அவனுக்கு விளங்கியது. அன்றிலிருந்து அவன் வேலையால் வந்தவுடன் அவளை மடியில் தூக்கிவைத்து, கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, அன்று அளத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லுவான்.

"இண்டைக்கு மேஸ்திரி பாத்திக்குள்ள வழுக்கி விழுந்தவன் அம்மாச்சி. காற்சட்டை கிழிஞ்சுபோச்சு. ஒருத்தருக்கும் சொல்லாதை."

அவள் சொல்லமாட்டாள். சிரிப்பாள்.

லக்சாயினி தானாகப் படித்த வேலை ஒன்றே ஒன்று. நாலு வயதில் தாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துப் பார்த்து, ஒரு சிரட்டையில் உப்பை எடுத்து அலசத் தொடங்கினாள். உடுப்பின் தெறியைத் துளையில் மாட்டத் தெரியாத விரல்கள், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதியைச் சிந்துகிற விரல்கள், உப்பை மட்டும் ஒரு கல் சிந்தாமல் அலசின. முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். பிறகு சிரட்டையைத் தூக்கித் தாயிடம் காட்டுவாள். கோணேஸ்வரி எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் எவ்வளவு நேரமும் காத்திருப்பாள். தாயும் மகளும் ஒருநாளில் கதைத்துக்கொண்டது அவ்வளவுதான்.

லக்சாயினிக்கு ஐந்து வயதானபோது கோணேஸ்வரிக்கு மறுபடியும் பிள்ளை தங்கியது. கிளினிக்கில் இருந்த புது டொக்டர் அவளுடைய கழுத்தைத் தடவிப் பார்த்து, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் தைரொயிட் குறைவு என்று எழுதி, காலையில் வெறும் வயிற்றில் போடக் குளிசை தந்து, சாப்பாட்டை விசாரிக்கும்படி மருத்துவமாதுவுக்குச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலை அஸ்மியா வந்தாள். ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிப்போட்டிருந்ததால் ஸ்கூட்டியை றோட்டிலேயே விட்டுவிட்டுப் பின்வளவு வழியாக நடந்துவந்தாள். அந்த வழியாக அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கிணற்றடியில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள்.

"என்ன புள்ள அலசுற? அரிசியா?"

"இல்லை மிஸ். உப்பு."

அஸ்மியா நின்றாள். "எந்த உப்பு?"

"நீங்கள் சொன்ன உப்புத்தான். பக்கெட் உப்பு."

"அதக் கழுவுறயா?"

"கழுவாமல் எப்பிடி மிஸ் தின்னுறது?" கோணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "ஊத்தை எல்லோ."

"எப்ப இருந்து?"

"எப்பவும்தான்."

அஸ்மியா அந்த ஈரக் கல்லிலேயே வெள்ளைச் சீருடையோடு உட்கார்ந்தாள். பையைத் திறந்து போத்தலை எடுத்தாள். பக்கெட்டில் மிச்சமிருந்த உப்பில் ஒரு துளி விட்டாள். நீலம் பரவியது. லக்சாயினி அதைக் கண்டு கைகொட்டினாள். பிறகு சுளகில் காய்ந்துகொண்டிருந்த உப்பில் ஒரு துளி விட்டாள். ஒன்றுமில்லை. இன்னொரு கல்லில் இன்னொரு துளி. அதுவும் வெறும் தண்ணீர் விழுந்தது போலக் கிடந்தது.

"கழுவினாலும் உப்பு உப்பாத்தானே இருக்கு மிஸ்?" கோணேஸ்வரி ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டாள். "கரிக்குது. நீங்களும் பாருங்கோ."

"கரிக்கும் புள்ள. உப்பு எங்கயும் போகல்ல. அயடின் மேலதான் ஒட்டிக்கொண்டு இரிக்கிற. மொதல் தண்ணியோட போயிரும்."

கோணேஸ்வரி தென்னையடியைப் பார்த்தாள். வருடக்கணக்காக ஊற்றிய தண்ணீர் அங்கே நிலத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பிறகு மகளைப் பார்த்தாள். லக்சாயினி சிரட்டையை ஏந்தியபடி தலையாட்டலுக்காகக் காத்திருந்தாள்.

"அப்ப இவள்?"

"அப்பிடிச் சொல்ல ஏலா. இதுக்கு நூறு காரணம் இரிக்கும். பொறக்கக்குள்ள மூச்சு முட்டினாலும் வரும். பரம்பரையில வரும். இதாலதான் எண்டு ஒரு டொக்டராலயும் சொல்ல ஏலா."

"இதால இல்லை எண்டு சொல்ல ஏலுமோ மிஸ்?"

அஸ்மியா போத்தலின் மூடியைப் பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள்.

"நான் பக்கெட்டத்தான் பார்த்த" என்றாள் கடைசியில். "கழுவுறயா எண்டு ஒரு நாளும் கேக்கல்ல. எங்கட வீட்டுல உப்புக் கழுவுற பழக்கமில்ல. எனக்கு அது தோணவே இல்ல, அல்லாஹ்வே."

பின்னேரம் தனஞ்சயன் வந்ததும் கோணேஸ்வரி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து கேட்டான். லக்சாயினி வந்து மடியில் ஏறி அவனுடைய தொண்டையில் கையை வைத்தாள். அவன் நெடுநேரம் கதைக்காததால் அவள் அவனை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும்தானே பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றான் அவன். "என்ர கண்ணுக்கு முன்னாலதானே கழுவினனீர். தெரியாமல் செய்ததுக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் ஒண்டும் சொல்ல ஏலாது. நான் ஒருநாளும் சொல்லமாட்டன். ஆனால் கோணேஸ், இனித் தெரிஞ்சுகொண்டு செய்யப்படாது. வயித்தில கிடக்கிறதையெண்டாலும் எனக்குச் சரியாத் தாரும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"செய்யமாட்டன்" என்றாள்.

அவள் செய்யவுமில்லை. பக்கெட்டை வெட்டி நேரே சாடியில் கொட்டும்போது கை கூசியது. கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். மீனை மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். குளிசையை ஒருநாளும் மறக்கவில்லை. லக்சாயினியின் சிரட்டையைப் பறித்து எறிந்தாள். பிள்ளை இரண்டு நாள் தலையைச் சுவரில் மோதி அழுதது. பிறக்கும்போதே அழாத பிள்ளை அழுவதைப் பார்க்க ஏலாமல் பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. மறந்துபோனாள் என்று நினைத்தார்கள்.

ஐந்தாம் மாதத்தில் கோணேஸ்வரிக்குக் கொஞ்சம் இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து, வீட்டில் படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனி, ஆடி மாதங்கள்; அளத்தில் உப்பு விளைந்து வாருகிற காலம். வேலையை விட முடியாது. தனஞ்சயன் விடியற்புறம் எழும்பிச் சோறும் கறியும் ஆக்கி மூடிவைத்துவிட்டுப் போவான். கோணேஸ்வரி முன்னறையில் படுத்துக்கிடப்பாள். குளிசையின் அசதியோ என்னவோ பகலெல்லாம் கண் சொருகும். லக்சாயினி வீட்டுக்குள்ளும் பின்வளவிலுமாகத் திரிவாள். இடைக்கிடை வந்து தாயின் வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள். உள்ளே துடிக்கிறபோது தகப்பனின் தொண்டையில் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரிப்பாள்.

"உம்மட வீட்டில உப்பு எப்பிடிக் கரையுது எண்டு தெரியேல்லை" என்று ஒருநாள் தனஞ்சயன் சொன்னான். "போன கிழமைதான் பக்கெட் கொட்டினனான். பாதிச் சாடி காணேல்லை. எலியும் அயடின் தேடித் தின்னுதோ?"

"எலிக்கும் மூளை வளரட்டும்" என்றாள் கோணேஸ்வரி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதற்குப் பிறகு இல்லை.

ஏழாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் காலை வயிற்றில் துடிப்பில்லை. லக்சாயினி வந்து கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். அதைக் கண்டுதான் கோணேஸ்வரி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை செத்து ஒரு நாளாவது இருக்கும் என்றார்கள். ஆண்பிள்ளை. தகப்பனுடைய நெற்றி. தனஞ்சயன் அதற்குக் கோகுலன் என்று பெயர் வைத்திருந்தது அன்றுதான் அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவன் அதை வாங்கிக்கொண்டு போனான்.

அஸ்மியா வார்ட்டுக்கு வந்து கட்டிலோரத்தில் நின்றாள். "எல்லாம் சரியாத்தானே செய்த புள்ள. இது ஒன்ட கையில இல்ல. ஏனெண்டு தெரியாமலே போற புள்ளையள் எவ்வளவோ இரிக்கி."

எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கோணேஸ்வரி நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

ஓட்டோவால் இறக்கிவிட்டு, பாணும் பாலும் வாங்கிவருகிறேன் என்று தனஞ்சயன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பக்கத்து வீட்டில் விட்டிருந்த லக்சாயினி, தாய் வந்ததைக் கண்டு ஓடிவந்தாள். வந்து தாயின் சீலையைப் பிடித்து ஒரு தரம் முகத்தில் வைத்துவிட்டு, குசினிப் பக்கம் போய்விட்டாள். கோணேஸ்வரி பாயில் சரிந்தாள். பால் கட்டிய மார்பு கல்லாகக் கனத்தது. எவ்வளவு நேரம் கிடந்தாளோ தெரியாது. தாகமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் பின்பக்கம் போனாள்.

முதலில் அவள் கண்டது தென்னையடி. அவள் கழுவுவதை விட்டு நாலு மாதமாகியிருந்தது. பழைய பொருக்கு உதிர்ந்து மண்ணாகியிருக்க வேண்டும். ஆனால் புதுப் பொருக்கு, பளிச்சென்ற வெள்ளையில், அடி மரத்தைச் சுற்றிக் கையளவு தடிப்பில் ஏறிக் கிடந்தது. பிறகு சுளகைக் கண்டாள். கிணற்றடியில் வெயில் விழுகிற இடத்தில் அது வைக்கப்பட்டிருந்தது. உப்பு இன்னும் ஈரமாக, ஒரு கல்லோடு ஒரு கல் முட்டாமல், அவள் பரப்புகிற மாதிரியே பரப்பிக் கிடந்தது. பக்கத்தில் வெறும் உப்புச் சாடி. சட்டி. சட்டியில் மூன்றாம் தண்ணீர் தெளிந்து நின்றது.

லக்சாயினி சுளகுக்கு அருகில் நின்றாள். தாய் நாலு மாதமாகச் செய்ய மறந்துபோன வேலையை, தாய் படுத்துக்கிடந்த நாளெல்லாம், ஒவ்வொரு பக்கெட்டுக்கும் விடாமல் அவள் செய்திருக்கிறாள். காய்ந்ததும் அள்ளிச் சாடியில் போட்டு மூடிவைத்திருக்கிறாள். காட்டுவதற்குத்தான் ஆள் இருக்கவில்லை. இப்போது தாய் எழும்பி வந்துவிட்டாள். லக்சாயினி சுளகை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள்.

கோணேஸ்வரி ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. எப்போதும் கரிக்கிற மாதிரியே கரித்தது.

பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த முகத்துக்கு எதைச் சொல்லி எப்படி விளங்கப்படுத்துவது? ஆறு வயதாகப் போகிறது. உலகத்தில் தெரிந்த வேலை இது ஒன்று. கோணேஸ்வரி தலையை ஆட்டினாள். லக்சாயினியின் முகம் விரிந்தது.

சைக்கிள் வந்து நின்ற சத்தம் கோணேஸ்வரிக்குக் கேட்கவில்லை. தனஞ்சயன் பாணும் கையுமாகப் பின்வளவுக்கு வந்து, முதலில் சுளகைப் பார்த்தான், பிறகு தென்னையைப் பார்த்தான். உப்பளத்துக்காரன். உப்பு எவ்வளவு காலத்தில் எவ்வளவு பொருக்குக் கட்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"இது ஆர் கழுவினது?"

அவள் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனும் பார்ப்பான். இனி ஒருநாளும் அவன் அந்தப் பிள்ளையை மடியில் தூக்கும்போது அந்தக் கைகளைப் பார்க்காமல் இருக்கமாட்டான். வேண்டுமென்று பார்க்கமாட்டான், நல்லவன். ஆனாலும் பார்ப்பான்.

"நான்தான்" என்றாள்.

"வந்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை."

"ஓம். நான்தான்."

"இது இண்டைக்குக் கழுவின பொருக்கு இல்லை, கோணேஸ்."

"முந்தியும் கழுவினனான். நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு எழும்பிக் கழுவினனான்."

"எழும்பப்படாது எண்டு சொன்னவை."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ?"

அந்த ஒரு சொல்லை அவன் சத்தமில்லாமல்தான் கேட்டான்.

"ஊத்தை உப்பைத் தின்ன எனக்கு ஏலாமல் கிடந்தது" என்றாள்.

அவன் பாணைக் கிணற்றுக் கட்டில் வைத்தான். எலி என்று பகிடி விட்டது அவனுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாய் ஒருபக்கம் கோணியது. கை ஓங்கவில்லை. ஒரு வசவு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கதிரையை இழுத்து வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

லக்சாயினி உப்பு காயும்வரை நின்று பார்த்தாள். காய்ந்ததும் ஒரு கல் சிந்தாமல் சாடியில் அள்ளிப் போட்டு மூடினாள். வேலை முடிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தகப்பனிடம் ஓடினாள். மடியில் ஏறினாள். அவனுடைய தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள்.

அங்கே ஒன்றும் இல்லை. கையைச் சற்று மேலே நகர்த்தி வைத்தாள். பிறகு கீழே. அவன் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் முற்றத்தை விட்டுப் போகும்வரை அவள் கையை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.